ஆண்டர்சனின் முதல் நாவலைத் தமிழில் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாசிரியர்களே, மொழிபெயர்ப்பாளர்களே,

வணக்கம். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் என்றதும் கை சிறுவர் நூல் வரிசைக்குத்தான் போகும். 'இம்ப்ரோவிசாட்டோர்' நாவலை அங்கே சேர்த்துவிடாதீர்கள். யாரோ தலைப்புக் கொடுக்க, நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டும் ஆசுகவி அந்தோனியோதான் நாயகன். காதல், துப்பாக்கிச் சண்டை, கொள்ளையர் என்று முழுக்கப் பெரியவர்களுக்கான கதை. 1835 ஏப்ரலில் கோபன்ஹேகனில் வெளிவந்தது. தேவதைக் கதைகளின் முதல் சிறுநூல், நான்கே கதைகளோடு, அடுத்த மாதம்தான் வந்தது. 'தேவதைக் கதைகளால் புகழ்பெற்றவர் எழுதிய நாவல்' என்று பின்னட்டையில் போட்டால் வரிசையே தலைகீழாகிவிடும்.

முன்னுரையில் ஆண்டர்சனின் இத்தாலிப் பயணத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். டென்மார்க் மன்னர் ஆறாம் ஃபிரெடெரிக் தந்த உதவித்தொகையில் 1833 ஏப்ரலில் கிளம்பியவர், பாரிஸ், சுவிட்சர்லாந்து வழியாக அக்டோபரில் ரோம் சேர்ந்தார். தாய் இறந்த செய்தி டிசம்பரில் அங்கேதான் அவருக்குக் கிடைத்தது. நாவலிலோ அந்தோனியோவின் தாய், ஜென்சானோ மலர்த் திருவிழாவில் மிரண்டோடிய குதிரைவண்டியில் அடிபட்டுச் சாகிறாள். ஏழைப் பையனைப் படிக்கவைத்த பெரிய குடும்பம் அவனை ஓயாமல் திருத்திக்கொண்டே இருப்பதும் தன்னைப் படிக்கவைத்த கொலின் குடும்பத்தில் ஆண்டர்சன் பட்டதுதான். நூலை அவர்களுக்கே காணிக்கையாக்கியும் இருக்கிறார்! இந்த அளவுக்குப் பொருத்திக் காட்டலாம். அதைத் தாண்டினால் சறுக்கும். அந்தோனியோ காதலிக்கும் பாடகி அனுன்சியாட்டாவை, ஆண்டர்சன் பின்னாளில் காதலித்த ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்ட் என்று எழுதத் தோன்றும். ஆண்டர்சன் ஜென்னியைச் சந்தித்ததே 1840இல். நேப்பிள்ஸில் அவர் கேட்டு மயங்கிய ஓபரா பாடகி மாலிப்ரானை நினைவுகூர்வது பொருத்தம்.

பக்கம் குறைக்க முதலில் வெட்டப்படுவது ஊர் வர்ணனையாகத்தான் இருக்கும். வெட்டாதீர்கள். முதல் அத்தியாயமே பார்பெரினி சதுக்கத்து ட்ரைட்டன் நீரூற்றிலிருந்து தொடங்குகிறது. தெருவையும் படிக்கட்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது சாதாரணக் காதல் கதை. வெட்டுவதற்குப் பதிலாக, கதை நடக்கும் ரோம், நேப்பிள்ஸ், பேஸ்தும், காப்ரி, வெனிஸ் குறித்த ஒரு வரைபடம் போடுங்கள். அன்று இத்தாலி ஒரே நாடல்ல, ரோம் போப்பாண்டவர் ஆட்சியிலும் நேப்பிள்ஸ் தனி அரசாகவும் இருந்தன என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையேல் நண்பனும் காதலில் போட்டியாளனுமான பெர்னார்தோவைச் சுட்டபின் அந்தோனியோ ஏன் நேப்பிள்ஸுக்கு ஓடுகிறான் என்பது வாசகருக்குப் பிடிபடாது.

மூலப் பிரதி? மேரி ஹவிட்டின் 1845 ஆங்கில வடிவம் சுலபமாகக் கிடைக்கும். ஆண்டர்சன் 1875இல் மறைந்தவர், டேனிஷ் மூலத்துக்கும் காப்புரிமைச் சிக்கல் இல்லை. டேனிஷ் தெரிந்த ஒருவரை வைத்து அத்தியாயம் அத்தியாயமாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடிக்குறிப்பில் பெரிய ஆபத்து காப்ரி தீவின் நீலக் குகைதான். கடலில் புயலில் சிக்கிய அந்தோனியோ, எங்கும் நீல ஒளி பரவிய ஓரிடத்தில் கண் விழித்து, செத்துப்போய்விட்டோம் என்றே நினைக்கிறான். அந்த இடம் எது என்பது 1834 மார்ச்சில் நடக்கும் கடைசி அத்தியாயத்தில்தான் தெளிவாகிறது. 1826இல் இரண்டு ஜெர்மானியர்கள் அதை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தியது, நீருக்கடியிலுள்ள திறப்பு வழியே வரும் வெயிலால் நீலம் உண்டாவது, படகில் படுத்தபடி நுழைய வேண்டிய அளவுக்கு வாயில் தாழ்ந்திருப்பது எல்லாவற்றையும் அங்கே குறிப்பிடுங்கள். முதல் காட்சியில் ஒரு நட்சத்திரக் குறிகூட வேண்டாம்.

அன்புடன்,
ஆண்டர்சன் வாசகர்கள் சிலர்