அம்முவுக்கு, அந்த மூணு பாயிண்ட் பத்தி

அம்மு,

ஞாயித்துக்கிழமை நீ போன்ல அழுததுலேருந்து எனக்கு சரியா தூக்கமே இல்ல. "ரெண்டு வருஷ ஆராய்ச்சி வேஸ்ட்மா, நான் நம்புனது தப்புன்னு டேட்டாவே சொல்லுது"ன்னு சொன்ன, அப்புறம் குரலை இறக்கி "ஒத்துவராத மூணு பாயிண்ட்டை எடுத்துட்டா கிராஃப் சரியா வந்துரும்"னு சொன்ன பாரு, அப்ப எனக்கு வாயே வரல. அவசரத்துல திட்டிருவேனோன்னு பயந்துதான் போனை வெச்சேன். அதான் இப்ப உக்காந்து டைப் பண்றேன், மெதுவா படி.

தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் பேரு உனக்குத் தெரியும், ஒரு தியரின்னா அதைத் தப்புன்னு காட்ட ஒரு வழி இருக்கணும்னு அவர் சொன்னதா கிளாஸ்ல ஒரு வரி நடத்தியிருப்பாங்க. அந்த வரிக்குப் பின்னாடி ஒரு வாழ்க்கையே இருக்கு. 1902ல வியன்னால பொறந்தவர், 1919ல பதினாறு பதினேழு வயசுப் பையன், முதல் உலகப்போர்ல தோத்து ஊரே பசியில கெடந்த நேரம். அட்லர்னு பெரிய மனோதத்துவ டாக்டர், அவர் நடத்துன கிளினிக்ல பிள்ளைங்களுக்கு உதவியா இருந்தார். ஒருநாள் ஒரு குழந்தையோட கேஸ் உங்க தியரிக்கு ஒத்துவரலையேன்னு அட்லர்கிட்ட போய் சொல்றார், அவரோ அந்தக் குழந்தைய பாக்காமலே தாழ்வு மனப்பான்மைதான்னு விளக்கிட்டாராம். எப்படி இவ்ளோ உறுதியா சொல்றீங்கன்னு கேட்டா, ஆயிரம் தடவை பார்த்த அனுபவம்னு பதில். அப்ப இதோட ஆயிரத்தி ஒண்ணுன்னு பாப்பர் சொல்லிட்டார். எது நடந்தாலும் தியரி ஜெயிக்குதுன்னா அதுல என்ன பலம் இருக்குன்னு அந்த வயசுலயே அவருக்கு உறுத்திருக்கு.

அதே வருஷம் மே 29 சூரிய கிரகணம். சூரியனை ஒட்டி வர்ற நட்சத்திர வெளிச்சம் 1.75 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டா ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட்) வளையும்னு ஐன்ஸ்டீன் முன்கூட்டியே சொல்லிட்டார், நியூட்டன் வழியில போட்டா அதுல பாதிதான். இங்கிலாந்து வானியல் விஞ்ஞானி எடிங்டன் ஆப்பிரிக்கா பக்கத்துல இருக்கற பிரின்சிபி தீவுல போட்டோ எடுத்தார், இன்னொரு டீம் பிரேசில்ல எடுத்தாங்க. ரிசல்ட் ஐன்ஸ்டீன் பக்கம் வந்தது பெருசுதான், ஆனா பாப்பரைப் பிடிச்சு உலுக்குனது அது இல்ல, எது நடந்தா நான் தப்புன்னு முன்னாடியே சொல்லிட்டு அந்த மனுஷன் நின்னார் பாரு, அதுதான். 1934ல இதையெல்லாம் புக்கா போட்டப்ப அவரும் என்னை மாதிரி ஸ்கூல்ல கணக்கும் சயின்ஸும் எடுத்துட்டிருந்தவர்தான். யூத வம்சாவளிக் குடும்பம், நாஜிங்க பயம், 1937ல நியூசிலாந்துக்கு கிளம்பிட்டார்.

அங்கதான் நரம்பு ஆராய்ச்சி பண்ண ஜான் எக்கிள்ஸ் வர்றார். அம்மு, இவர் கதைக்காகத்தான் இந்த லெட்டரே. ஒரு நரம்பு செல்லுலேருந்து அடுத்த செல்லுக்கு சிக்னல் மின்சாரமா தாவுதுன்னு வருஷக்கணக்கா வாதாடுனவர், எதிர்ல இருந்தவங்க கெமிக்கல்னு சொன்னாங்க, ஆதாரமும் அவங்க பக்கமே சேந்துட்டு போகுது, மனுஷன் உடைஞ்சு போயிட்டார். 1945ல பாப்பர் எக்கிள்ஸ் இருந்த டுனெடின் ஊருக்கு லெக்சர் குடுக்க வந்தப்ப ரெண்டு பேரும் பழகுனாங்க. தப்பாப் போறது அவமானம் இல்ல, உங்க தியரிய இன்னும் கூர்மையா எழுதுங்க, உடைக்க முடியற மாதிரி எழுதுங்க, அப்புறம் நீங்களே உடைச்சுப் பாருங்கன்னுதான் பாப்பர் சொன்னார். எக்கிள்ஸ் செஞ்சார். 1951ல பூனையோட தண்டுவடத்துல ஒரே ஒரு நரம்பு செல்லுக்குள்ள மெல்லிசான கண்ணாடி எலக்ட்ரோடை விட்டுப் பார்த்தா, அவர் தியரி சொன்ன திசைக்கு நேர் எதிரா வோல்டேஜ் போகுது. அவ்ளோதான், நான் தப்புன்னு ஒத்துக்கிட்டு கெமிக்கல் பக்கம் வந்துட்டார். 1963ல நோபல் வாங்குனப்ப அதுக்குக் காரணமான வேலைல இந்த எக்ஸ்பெரிமென்ட்டும் ஒண்ணு.

ஒரு ரீடிங் எதிரா வந்தா எல்லாத்தையும் தூக்கிப் போடுன்னு நான் சொல்லல. யுரேனஸ் கணக்குப்படி ஓடலன்னு யாரும் நியூட்டனைத் தூக்கிப் போடல, வெளிய இன்னொரு கிரகம் இழுக்குதுன்னு சொன்னாங்க, ஆனா அது எங்க இருக்கும்னும் சொன்னாங்க, 1846ல பெர்லின்ல தேடுனா நெப்டியூன் கெடச்சுது. அந்த மூணு பாயிண்ட் கெட்டதுன்னு உனக்குத் தோணுச்சுன்னா ஏன் கெட்டதுன்னு ஒரு காரணம் சொல்லு, அந்தக் காரணத்தைத் தனியா டெஸ்ட் பண்ணு. கிராஃப் அழகா வரணும்ங்கறது காரணம் இல்லடி.

எனக்கு இதுல ஒரு மன உறுத்தல் உண்டு, உன்கிட்ட சொன்னதில்ல. வேலைக்குச் சேந்த புதுசுல பெண்டுலம் பிராக்டிக்கல்ல ஒரு பையனுக்கு புவியீர்ப்பு முடுக்கம் g 962 செ.மீ./செகண்ட்²னு வந்துச்சு, 980 வர்ற வரைக்கும் திரும்ப எடுன்னு சிவப்பு மையில எழுதிட்டேன். பத்தே நிமிஷத்துல 980ஓட வந்து நின்னான், நான் டிக் போட்டேன். சாயங்காலம் அவன் செட்டப்பை எடுத்து வைக்கறப்பதான் பாக்கறேன், நூலை குண்டோட கொக்கி வரைக்கும்தான் அளந்திருக்கான், குண்டோட ஆரத்தைச் சேக்கல. ஒண்ணரை சென்டிமீட்டர் கொறையுது, 962 வந்தது அதனாலதான். உண்மை அந்த ரீடிங்லதான் இருந்துச்சு, அதை அழிக்கச் சொன்னவ நான். அவன் முகம் இன்னும் ஞாபகம் இருக்கு.

நாளைக்கு கைடு மீட்டிங்னு சொன்னியே, மூணு பாயிண்ட்டையும் கிராஃப்ல வெச்சே காட்டு. முடிஞ்சதும் கூப்பிடு, இங்க எத்தனை மணியா இருந்தாலும் பரவால்ல, நான் முழிச்சிட்டுதான் இருப்பேன். பருப்புப்பொடி பார்சல் நேத்தே போட்டாச்சு.

அம்மா