கொட்டகை வள்ளமில்லை, அப்பா

பராபராவுமு, நியூசிலாந்து
16.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மையும் நலம்தானே? வீட்டுக்கு முன்னால் கடலைப் பார்த்த பக்கம் கொட்டகை போடப் போகிறீர்கள் என்று தம்பி நேற்று போனில் சொன்னான். தரைக்கு மரத்தட்டு அடிக்கப் போகிறீர்களாம். மச்சில் கிடக்கும் 12 ஆஞ்சிலிப் பலகையையும் அதற்கே எடுக்கப் போகிறீர்களாம். கேட்டதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. உங்களுக்குப் போனில் சரியாகக் கேட்பதில்லை. தம்பியிடம் சொன்னால் பாதிதான் வந்து சேரும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை என்று உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு வருஷமாக இங்கே நான் தினமும் செய்கிற வேலையே மரத்தட்டு அடிப்பதுதான்.

இந்த ஊர் வெலிங்டனுக்கு வடக்கே 50 கிலோமீட்டர் போல. காப்பிட்டிக் கடற்கரை என்பார்கள். நம் குளச்சலில் போலவே இங்கேயும் சூரியன் கடலுக்குள்தான் இறங்கும், எதிரே ஒரு தீவு மலைபோல நீண்டு கிடக்கும். காற்று மட்டும் நம் ஊர்க் காற்று இல்லை. வடமேற்கிலிருந்து வீசும்போது ஒரு பலகையை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது, ஆளையும் சேர்த்துத் திருப்பிவிடும்.

நீங்கள் பார்த்தால் முதலில் வியப்பது வீடுகளைத்தான். எல்லாம் மரம். நம் பக்கம் காசு வந்ததும் மரத்தை இடித்துவிட்டுக் காங்கிரீட் போடுவோம். இங்கே நல்ல வசதி உள்ளவர்களும் மரவீட்டில்தான் இருக்கிறார்கள். பூமி அடிக்கடி ஆடுகிற நாடு, மரம் வளைந்துகொடுக்கும் என்பது ஒரு காரணம். வீட்டை ஒட்டி வெளியே மரத்தட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். அதைத்தான் டெக் என்கிறார்கள். நம் திண்ணை மாதிரிதான். சாப்பாடு, பேச்சு, பிள்ளைகள் விளையாட்டு எல்லாம் அதில்தான்.

மரம் என்று சொன்னால் ரேடியாட்டா பைன். 30 வருஷத்துக்குள் வெட்டிவிடுகிற மரம். ஆஞ்சிலியும் தேக்கும் இழைத்த கைக்கு அது வெண்ணெய் மாதிரி இருக்கிறது. வைரம் பாய்ந்த கெட்டியான நடுக்கட்டை என்று சொல்லும்படி இல்லை, அப்படியே விட்டால் சீக்கிரம் உளுத்துப்போகும். அதனால் பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சிவிட்டு, அழுத்தத்தில் மருந்தை மரத்துக்குள் ஏற்றுகிறார்கள். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து. மரம் லேசாகப் பச்சை பாய்ந்திருக்கும். பலகைக்கு ஒரு தரம், மண்ணுக்குள் போகிற தூணுக்கு அதைவிட மருந்து கூடிய தரம். வெட்டிய முனையில் திரும்ப மருந்து பூச வேண்டும். துண்டு துக்கடாவை அடுப்பில் வைக்கக் கூடாது, புகை விஷம். முதல் வாரம் மீதித் துண்டுகள் குப்பைக்குப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நம் பட்டறையில் செதுக்கல்கூட அம்மையின் அடுப்புக்குப் போகுமே.

சரி, உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். போன நவம்பரில் ஒரு பழைய டெக்கைப் பிரிக்கப் போனோம். கடலிலிருந்து 100 மீட்டர் இருக்கும். மேலே நின்று பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பலகை வெயிலில் வெளுத்து வெள்ளி மாதிரி இருந்தது, ஒன்றும் ஆடவில்லை. நான் கீழே படுத்து நகர்ந்து உள்ளே போனேன். குறுக்குச் சட்டத்தைத் தாங்கி நிற்கும் தகட்டுக் கொண்டியைச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். பப்படம் நொறுங்குவது போல நொறுங்கி என் முகத்தில் கொட்டியது. அடுத்ததைத் தட்டினேன், அதுவும் அப்படியே. துத்தநாகத்தில் முக்கியெடுத்த தகடுதான், ஆனால் துத்தநாகம் எப்போதோ போய்விட்டது, அடியில் இருந்த இரும்பும் போய்விட்டது. சட்டமெல்லாம் பழக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் அதற்கு முந்தின நாள்வரை அதன்மேல் குதித்து விளையாடியிருக்கிறார்கள். எனக்கு வெகுநேரம் கை நடுங்கியது.

மழை படுகிற மேல்பக்கம் நன்றாக இருக்க, மழையே படாத அடிப்பக்கம் ஏன் போனது என்று எங்கள் மேஸ்திரியிடம் கேட்டேன். மழை படாததால்தான் போனது என்றார். கடற்காற்று கொண்டுவருகிற உப்பு எல்லா இடத்திலும் படிகிறது. மேலே படிந்ததை மழை கழுவிவிடுகிறது. கீழே படிந்தது அங்கேயே உட்கார்ந்து, ஈரக்காற்றை உறிஞ்சி, வருஷக்கணக்கில் இரும்பைத் தின்கிறது. இந்த நாட்டில் கடலிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் இடத்தை உப்பு கடுமையான மண்டலம் என்று தரநூலிலேயே தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் வீடு கடலிலிருந்து 80 மீட்டர் வருமா? அங்கே வெக்கையும் சேர்ந்துகொள்ளும்.

அப்பா, நீங்கள் வள்ளம் கட்டியவர். வள்ளத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே நூல் போகவும் இடம் இருக்கக் கூடாது, தண்ணீர் உள்ளே வரக் கூடாது. நனைந்து ஊறினால் இன்னும் இறுகும் என்று அணைத்து அணைத்து வைப்பீர்கள். உங்கள் கை அந்தப் பழக்கத்தில்தான் போகும். ஆனால் கொட்டகை வள்ளமில்லை. இங்கே தண்ணீர் வந்தே தீரும், அது போவதற்கு வழி வேண்டும். காய்ந்த பலகைக்கு நடுவே நாங்கள் 4 மில்லிமீட்டர் விடுகிறோம். அளவெல்லாம் பார்க்க வேண்டாம், நாலங்குல ஆணி ஒன்றை நடுவில் வைத்து அடுத்த பலகையைத் தள்ளினால் போதும். நானும் அப்படித்தான் செய்கிறேன். ஈரம் காயாத பலகையென்றால் ஒட்டியே வைப்போம், காய்ந்து சுருங்கித் தானே இடைவெளி விடும். உங்கள் ஆஞ்சிலி இத்தனை வருஷம் மச்சில் கிடந்தது, மழையில் உப்பத்தான் செய்யும். அதனால் 5 விடுங்கள்.

வீட்டுச் சுவரோடு சட்டத்தை ஒட்டி அடிக்காதீர்கள். இங்கே 12 மில்லிமீட்டர் தள்ளி, நடுவில் கட்டை கொடுத்துத்தான் போல்ட் போடுவோம். தண்ணீரும் குப்பையும் அங்கே தங்கினால் சுவரும் போகும், சட்டமும் போகும். தூணை மண்ணில் புதைக்க வேண்டாம். காங்கிரீட் பீடம் தரைக்கு மேலே அரையடி எழும்பட்டும், அதன்மேல் செருப்பு மாதிரி ஸ்டெயின்லெஸ் தகடு வைத்துத் தூணை நிறுத்துங்கள். இங்கே கறையான் தொல்லை பெரிதாக இல்லை, அங்கே உண்டு. ஒரு ஆள் படுத்து டார்ச் அடித்துப் பார்க்கும் அளவுக்காவது அடியில் இடம் இருக்கட்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை நல்ல தண்ணீர் பீய்ச்சி அடிப்பக்கத்தைக் கழுவச் சொல்லுங்கள், தம்பியிடம்.

பீடத்துக்குக் குழி தோண்டும்போது மணல் சரியும், உங்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே கதைதான். மணல்மேட்டில் மூன்றடி தோண்டுவதற்குள் குழி வாய் அகன்று கிணறாகிவிடும். மூன்று நாள் எல்லோரும் தவித்தார்கள். நம் ஊரில் கிணற்றுக்கு உறை இறக்குவது நினைவுக்கு வந்தது. பழைய பிளாஸ்டிக் பேரல் ஒன்றை இரண்டு பக்கமும் அறுத்து, உள்ளே இருந்து மணலை அள்ள அள்ள அதை இறக்கினேன். காங்கிரீட் ஊற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுத்துவிட்டேன். மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் வண்டியில் இன்னும் மூன்று பேரல் இருந்தது. உங்களை நினைத்துக்கொண்டேன்.

அம்மையிடம் இதைச் சொல்லுங்கள். போன மாதம் இன்னொரு வீட்டில் பழைய பலகையைக் கழற்றியபோது அடியில் ஒரு மூலையில் பென்குயின் நின்றது. உலகத்திலேயே சின்ன வகை, ஒரு கிலோ இருக்கும். கொரோரா என்பது இந்த மண்ணின் மவோரி மக்கள் வைத்த பெயர். இறகு உதிர்க்கிற காலமாம். பிய்ந்த பஞ்சுத் தலையணை மாதிரி இருந்தது. புது இறகு முளைக்கும்வரை கடலில் இறங்க முடியாது, இரண்டு மூன்று வாரம் பட்டினியாகக் கரையிலேயே நிற்கும். அதைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம். கழற்றிய பலகையை மெதுவாக மூடி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனோம். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் போனபோது அது போயிருந்தது. புது டெக்கில் அந்த மூலையில் ஓரப்பலகை அடிக்காமல் ஒரு முழம் திறந்து விட்டிருக்கிறேன்.

கூரைக்கு வருகிறேன். ஒக்கிப் புயலில் பழைய கொட்டகைக் கூரை பறந்து தெங்குக்கு அப்பால் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2017-க்குப் பிறகு அந்த இடத்தை வெறுமனே விட்டுவைத்ததும் அதனால்தானே? காற்று கூரையை மேலேயிருந்து அழுத்துவதைவிட, அடியில் புகுந்து தூக்குவதுதான் அதிகம். கூரையைத் தாங்கும் பனங்கை உத்திரத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதாது, தகட்டுப் பட்டை போட்டு உத்திரத்தோடு கட்ட வேண்டும். உத்திரத்தைத் தூணோடும், தூணைப் பீடத்தோடும் போல்ட் போட்டு இணைக்க வேண்டும். கூரையிலிருந்து பீடம்வரை ஒரே சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி வெறும் ஆணியில் தொங்கினால் அங்கேதான் அறும்.

ஆணியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நாகர்கோவில் கடையில் ஸ்டெயின்லெஸ் என்று கேட்டால் பெரும்பாலும் 304 என்ற தரத்தைத்தான் தருவார்கள். அது கடலோரத்தில் ஒரே வருஷத்தில் டீக்கறை மாதிரி பழுப்பேறும். கேட்க வேண்டியது 316. அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்பைத் தாங்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, கடைக்காரர் வார்த்தையைத்தான் நம்ப வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஆணியைத் துத்தநாகத் தகட்டோடு சேர்த்துப் போட்டாலும் தகடு சீக்கிரம் அரிக்கும். அதனால் வாங்க வேண்டாம், நானே அனுப்புகிறேன்.

பலகை 12 அடி நீளம் என்று ஞாபகம். ஒன்றரையடிக்கு ஒரு சட்டம் வைத்தால் ஒரு பலகைக்கு 9 சட்டம், சட்டத்துக்கு 2 திருகாணி, ஒரு பலகைக்கு 18. 12 பலகைக்கு 216. ஒடிகிறது, விழுகிறது எல்லாம் சேர்த்து 300 தருகிறேன். ஆஞ்சிலியில் துளை போடாமல் முடுக்காதீர்கள், முனை வெடிக்கும். தலை பலகை மட்டத்தோடு நிற்கட்டும், உள்ளே இறங்கினால் அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும். மார்ச் கடைசியில் இங்கிருந்து தக்கலைக்காரர் ஒருவர் ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். அதுவரை ஒரு பலகையையும் அறுக்க வேண்டாம் அப்பா.

அந்தப் பலகைகள் நீங்கள் கடைசியாக எடுத்த வள்ளத்துக்கு வாங்கியவை என்று எனக்குத் தெரியும். ஃபைபர் படகு வந்து, அந்த வேலை பாதியில் நின்று, நீங்கள் அவற்றை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து மச்சில் ஏற்றியபோது நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது நீங்கள் ஒன்றும் பேசவில்லை. அதன்மேல் நீங்களும் அம்மையும் சாயங்காலம் உட்கார்ந்திருக்க வேண்டும், பல வருஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

ஒன்று மட்டும் உடனே வேண்டும். பலகையின் கனம் எவ்வளவு என்று தம்பியை மச்சில் ஏறி அளந்து சொல்லச் சொல்லுங்கள். ஒன்றேகால் அங்குலம் என்றால் 65 மில்லிமீட்டர் திருகாணி, ஒன்றரை என்றால் 75. இரண்டு மூன்று பலகையை அளக்கட்டும், எல்லாம் ஒரே கனமாக இருக்காது.

அன்புடன்
உங்கள் மூத்த மகன்