எஞ்சினை மீட்டுத் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் 1975ஆம் ஆண்டு ஜி.எம்.சி மோட்டார்ஹோமின் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி) எஞ்சின், 14 மாத வேலைக்குப் பிறகு மீண்டும் வண்டியில் ஏறி ஓடத் தொடங்கிவிட்டது. அவ்வப்போது நேரில் சொன்ன நன்றி போதாது என்று மனம் உறுத்துவதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டைக் (ஆயில் பான்) கழற்றிப் பார்க்காமல் வண்ணம் பூசக் கூடாது என்று உறுதியாக நின்ற மூத்த மெக்கானிக் ஐயாவுக்கு. 7.5 லிட்டர் கொள்ளளவுள்ள அந்த ஓல்ட்ஸ்மொபைல் 455 வி8 எஞ்சின் சீராகவே ஓடிக்கொண்டிருந்ததால், துருவை நீக்கிப் புது வண்ணம் அடித்தால் போதும் என்று எண்ணியிருந்தேன். அந்தத் தட்டைக் கழற்றியபோது, ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலையில் பழுப்பேறிய நைலான் துணுக்குகள் வெட்டிப்போட்ட நகங்களைப் போல அடைந்து கிடந்தன. சத்தத்தைக் குறைப்பதற்காக அக்காலத்தில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் பல்சக்கரத்தின் பற்களை நைலானால் அமைத்தார்கள். வெப்பத்தாலும் வயதாலும் அது நொறுங்கி உதிர்ந்துவிடும். வலை முழுவதும் அடைபட்டிருந்தால் ஆயில் கிடைக்காமல் பேரிங்குகளும், எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டும் பாழாகியிருக்கும். ஐயா, அந்தத் துணுக்குகளை ஒரு சிறு சீசாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

சிலிண்டர்களின் உட்சுவரைக் கடைந்து (போரிங்), வால்வுகளையும் சரிசெய்து தந்த லேத் பட்டறை நண்பருக்கும், எஞ்சினை வண்டியின் அடிவழியாக இறக்குவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தந்த நால்வருக்கும் நன்றி.

வண்ணப் பூச்சின் பெருமை தம்பி ஒருவனையே சேரும். அவசரப்பட்டு நான் அடித்த முதல் பூச்சு, ஆயில் ஃபில்டர் பொருந்தும் இடத்தில் எஞ்சியிருந்த பிசுக்கின் மேல் ஒட்டாமல் தோலாக உரிந்தது. அதை அவன் முற்றிலும் சுரண்டி எடுத்து, வார்ப்பின் இடுக்குகளைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் மூன்று நாட்கள் தேய்த்து, ஒவ்வொரு போல்ட் துளையையும் கேஸ்கெட் அமரும் முகப்புகளையும் டேப்பால் மூடிய பிறகே பிரைமரைத் தொட்டான். எஞ்சின் எனாமலை மெல்லிய மூன்று பூச்சுகளாக அடித்தான். அந்த எனாமல் தாங்காத அளவு சூடேறும், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளை மட்டும் பூசாமல் விட்டான். இவ்வளவு பொறுமையை நான் யாரிடமும் கண்டதில்லை.

முதன்முறை ஸ்டார்ட் செய்யும் முன், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் பொருந்தும் துளை வழியாக டிரில் கொண்டு ஆயில் பம்பைச் சுழற்றியபோது, ஓல்ட்ஸ்மொபைலுக்கு இடஞ்சுழியாகவே சுற்ற வேண்டும் என்று நினைவூட்டிய பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் நன்றி. புதிய கேம்ஷாஃப்ட் படிவதற்காக நிமிடத்துக்கு 2000 சுழற்சி வேகத்தில் 20 நிமிடம் ஓடவிட்டபோது, உங்களில் ஒருவர்கூட நகராமல் சுற்றி நின்றீர்கள்.

இரவல் வாங்கிய எஞ்சின் ஸ்டாண்டைத் துடைத்து, சக்கரங்களுக்கு கிரீஸ் இட்டு வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை நானே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
வண்டியின் உரிமையாளன்