காவோலை தொங்கும் பனைகளும் கனடாத் தீயும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கனடாவில் காட்டுத்தீ ஊருக்குள் புகுந்த செய்தி வரும்போதெல்லாம், 'அது எங்கேயோ இருக்கிற காடு, நமக்கென்ன' என்று எங்கள் பக்கத்தில் சொல்லிவிடுகிறார்கள். திசையன்விளை பக்கம் பனையும் கொஞ்சம் முருங்கையும் வைத்திருக்கிற எனக்கு அப்படி விட முடியவில்லை.

2016 மே மாதம் கனடாவின் ஃபோர்ட் மெக்மரே நகரம் எரிந்தபோது என் அக்கா மகன் அங்கே வேலையில் இருந்தான். ஏறத்தாழ 88,000 பேர் ஊரைக் காலி செய்தார்கள். சுமார் 2,400 கட்டடங்கள் போயின. காற்றில் பறந்து வந்த கங்கு, கூரையோரச் சருகிலும் சுவரோரம் அடுக்கிய விறகிலும் விழுந்துதான் பல வீடுகள் பற்றின என்று அவன் சொன்னான். அதே நாட்டின் லிட்டன் கிராமத்தில் 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி வெயில். கனடா அதுவரை கண்டிராத சூடு. மறுநாளே ஊரின் பெரும்பகுதி சாம்பல். 2023-ல் அந்த நாட்டில் எரிந்த காடு 1.5 கோடி ஹெக்டேர் இருக்கும். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1.3 கோடிதான்.

வெயிலும் வறட்சியும் மட்டும் காரணமில்லை. அங்குள்ள பூர்வகுடிகள் ஈரமுள்ள பருவம் பார்த்து, அளவாகத் தீ வைத்துச் சருகைக் கழித்து வந்தார்கள். அரசாங்கத்தார் அதைத் தடுத்தார்கள். பல பத்தாண்டுகளாக எந்தத் தீயையும் விடாமல் அணைத்தும் வந்தார்கள். காட்டில் சருகும் சுள்ளியும் குவிந்துபோயின.

இங்கேயும் குவிகிறது. முன்பெல்லாம் தை, மாசியில் பனையேறிகள் காய்ந்து தொங்கும் காவோலையையும் மட்டையடியில் வலைபோல் இருக்கும் சில்லாட்டையும் கழித்துவிட்டுத்தான் பதநீருக்குப் பாளை சீவுவார்கள். இப்போது ஏற ஆளில்லை. கழுத்திலிருந்து பாதி மரம் வரை காவோலை தொங்குகிறது. போன பங்குனியில் சாலையோரக் குப்பைக்கு யாரோ வைத்த தீ, காய்ந்த புல் வழியாக எங்கள் விளைக்குள், அதாவது பனந்தோப்புக்குள் வந்தது. ஒரு பனையில் ஏறியதுதான் தாமதம், சடசடவென்று உச்சிக்குப் போய், எரிகிற ஓலைத் துண்டுகள் அடுத்த தெருவில் இருந்த வைக்கோல் படப்பில் போய் விழுந்தன. தெருவே குடத்தோடு ஓடி வந்ததால் வீடுகள் தப்பின. பனைகள் தப்பவில்லை. குருத்து வெந்த பனை பிழைக்காது. இன்னொன்று அந்த உயரம் வர என் பேரன் காலம் ஆகும்.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் தீயில் போகிற பனைக்குக் கேள்வி கேட்பார் யார்?

மாசி முடிவதற்குள் ஊரை ஒட்டிய பனைகளில் காவோலை கழிக்க, பனையேறிகளுக்கு ஊராட்சியே கூலி கொடுக்க வேண்டும். விளைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள புல்லை 100 நாள் வேலை ஆட்களைக் கொண்டு செதுக்கலாம். சாலையோரம் குப்பையைக் கொளுத்துவதை இப்போதே நிறுத்த வேண்டும். அப்புறம், கனடாவில் வீட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்கு எரியக்கூடிய எதையும் வைக்காதீர்கள் என்கிறார்கள். அடுப்புக்கென்று மட்டையும் ஓலையும் சுவரோரம் சாய்த்து வைக்கிற நாமும் அவற்றைத் தள்ளி வைக்கலாம். வைகாசியில் மேல்காற்று எடுத்துவிட்டால், பறக்கிற நெருப்புக் கங்குகளை யாராலும் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
பனை விவசாயி ஒருவர்,
திசையன்விளை வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.