தூக்க வேண்டாம், எழ வைத்தால் போதும்

மண்டபம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. மதுரையில் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்தபின் சில வாரங்கள் நான் குனியவோ பாரம் தூக்கவோ கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். அம்மாவின் இடுப்பு சென்ற ஆண்டே பிடித்துக்கொண்டது. ஆகவே நீ விடுப்பில் இங்கிருக்கும் நாள்களில், அப்பத்தாவைக் கட்டிலிலிருந்து எழுப்புவதும் கமோடு நாற்காலியில் அமர்த்துவதும் உன் பொறுப்பு. தொலைபேசியில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன்.

அப்பத்தாவை ஒருபோதும் தூக்காதே. அக்குளில் கைகொடுத்துத் தூக்கித்தான் அம்மா தன் இடுப்பைக் கெடுத்துக்கொண்டாள். நான் செய்தது அதைவிடப் பெரிய பிழை. பக்கவாதம் வந்த புதிதில் அப்பத்தாவின் இடக்கையைப் பிடித்து இழுத்து எழுப்பினேன். தளர்ந்த பக்கத்துத் தோள்மூட்டைத் தாங்கும் தசைகளுக்கு வலு இராது என்பதும், இழுத்தால் மூட்டு நழுவும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அந்த வலியில் அவர் விழித்துக் கிடந்த இரவுகளை நினைத்தால் இன்றும் மனம் பதைக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர்தான் எங்களுக்குச் சரியான முறையைக் கற்றுக்கொடுத்தார்.

நாற்காலியை அவருடைய வலுவுள்ள வலக்கைப் பக்கம், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போட்டு, சக்கரங்களின் பிரேக்கை அழுத்து. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நிற்கவைக்காதே. தலைசுற்றல் அடங்க ஓரிரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்காரட்டும். இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதிந்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். அவர் இடுப்பில் பட்டையைக் கட்டி அதைப் பிடித்துக்கொள். உன் முழங்காலால் அவருடைய இட முழங்காலுக்கு அணை கொடு. உன் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதே. மூன்று எண்ணியதும் அவர் நன்றாக முன்னால் சாய்ந்தால், உடல் தானாகவே எழும்பும். எழுந்தபின் சிறு சிறு அடியாகத் திரும்பி, நாற்காலியின் விளிம்பு காலில் பட்டதை உணர்ந்த பிறகே உட்கார வேண்டும். நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் திரும்பும்போது கட்டில் அவருக்கு இடப்பக்கமாகிவிடும். பலரும் தவறுவது இங்கேதான். நாற்காலியை உருட்டிக் கட்டிலின் மறுகோடிக்குக் கொண்டுபோய், கட்டில் அவருடைய வலப்பக்கம் வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்.

கச்சான் காற்றில் வாசல் மணல் உள்ளே வந்து தரை வழுக்கும்; ஒவ்வொரு முறையும் பெருக்கிவிட்டு எழுப்பு. ஈரம் துளியும் இருக்கக் கூடாது. சேலைக் கொசுவம் காலில் சிக்கியதால் இப்போது நைட்டிதான் அணிகிறார்.

காலை உணவு முடிந்து அரை மணி நேரத்துக்குள் குடல் தானாக இயங்கும். அந்த வேளையில் தினமும் உட்காரவைத்தால் மலச்சிக்கல் குறையும். உட்கார்ந்ததும் மடியில் துண்டை விரித்துவிட்டு, கூப்பிடும் தூரத்தில் திரும்பி நில், அவசரப்படுத்தாதே. வலக்கையால் அவரே கழுவிக்கொள்வார். நீ கழுவிவிட நேர்ந்தால் முன்னிருந்து பின்னாகவே கழுவு. இல்லையென்றால் சிறுநீர்த் தொற்று வரும். பிறரை எழுப்ப நேருமே என்ற கூச்சத்தில் தண்ணீர் குடிப்பதை அவர் குறைத்துக்கொள்கிறார். அதுவும் தொற்றுக்கு வழி. முதல் நாள் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதைப் பார்த்து அவர் அழுதுவிட்டார். உன் முகத்தில் அருவருப்பு தெரியவே கூடாது, தம்பி.

படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவை. வால் எலும்பு மேல் சிவந்து, அழுத்தியும் சிவப்பு மறையாவிட்டால் படுக்கைப்புண் தொடங்குகிறது என்று பொருள். உடனே செவிலியரிடம் சொல். கால் மடங்கி விழப்போனால் தாங்கிப் பிடிக்க முயலாதே. உன் உடலோடு சாய்த்து மெல்லத் தரையில் இறக்கு. அடிபட்டிருந்தால் அசைக்காமல் 108-ஐ அழை.

உப்புக்காற்றில் நாற்காலியின் பிரேக் இறுகிக் கிடக்கிறது. நீ வருவதற்குள் எண்ணெய் விட்டு வைக்கிறேன். பேரன்தான் இனிப் பார்த்துக்கொள்வான் என்றபோது அப்பத்தா வேண்டவே வேண்டாம் என்றார். நேற்று இரவு அவராகவே, “வலக்கைப் பக்கம் நாற்காலி போடணும்னு அவனுக்குச் சொன்னியா?” என்று கேட்டார்.

அன்புடன்,
அப்பா