விளக்கு அனுப்பப் போகும் தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

தீபாவளிக்கு முன்னால் சின்னப் பித்தளை விளக்கும் கண்ணாடி வளையலும் தபாலில் விற்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலிதான் மழை வந்தால் கூடுகிறது. மகள் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

எதில் வைத்து அனுப்பினால் செலவு குறையும் என்று கேட்டிருக்கிறாய். உறையின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதே. போன மாதம் எனக்கு ஒரு காமாட்சி விளக்கு, உள்ளே காற்றுக் குமிழ் வைத்த பபிள் உறையில் வந்தது. திரி வைக்கும் கூர்முனை உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. குமிழ்கள் அத்தனையும் அழுந்திப் போயிருந்தன. அம்மன் உருவம் உள்ள பின்தகடு ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பெட்டிக்கான காசை மிச்சம் பிடிக்கப் போய் அவருக்கு விளக்கே நஷ்டம்.

கனமான பொருள் தன் கனத்தாலேயே கெடும். பெட்டி கீழே விழும்போது உள்ளே நகர இடமிருந்தால், விளக்கே சுத்தியல் மாதிரி அட்டையை அடித்து உடைக்கும். அதனால் பபிள் உறை துணிக்கும் புத்தகத்துக்கும் போதும். பித்தளைக்கு நெளி அட்டைப் பெட்டிதான். அதுவும் அளவான பெட்டி. பெரிய பெட்டி எடுத்தால் அடைக்கவும் செலவு, அனுப்பவும் செலவு. கூரியர்க்காரர்கள் பலர் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். அந்தக் கணக்கும் நிஜ எடையும், எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். 600 கிராம் விளக்கை 30க்கு 20க்கு 15 பெட்டியில் போட்டால் 1.8 கிலோவுக்குக் காசு கேட்பார்கள். 20க்கு 15க்கு 12 பெட்டியில் 0.72தான் வரும். அஞ்சல் வழியாக வெளிநாட்டுக்குச் சிறு பொட்டலமாக அனுப்ப உச்ச எடை 2 கிலோ. அதில் பெட்டி, காகிதம், டேப் எல்லாம் அடக்கம் என்பதால் ஒட்டி முடித்தபிறகே சமையலறைத் தராசில் வைத்துப் பார்.

உள்ளே என்ன அடைப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கத்தரித்த காகிதத் துணுக்கும் தெர்மாகோல் மணியும் பார்க்க அழகு, ஆனால் குலுங்கக் குலுங்கப் பித்தளை அவற்றை விலக்கிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். காகிதத்தை இறுக்கிக் கசக்கி ஆறு பக்கமும் திணிப்பதுதான் நல்லது. படித்து முடித்த தமிழ் முரசு நாளிதழ் வீட்டில் கிடக்குமே, அதுவே தாராளம். மண் அகலுக்கு மட்டும் முதலில் ஒரு சுற்று வெள்ளைக் காகிதம் சுற்று, அச்சு மை மண்ணில் ஒட்டிக்கொள்ளும். மூடியபின் காதருகே வைத்து ஆட்டிப் பார். சத்தம் கேட்டால் திறந்து இன்னும் அடை.

வளையலுக்கு ஒரு வழி சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. சமையலறை டிஷ்யூ தீர்ந்ததும் மிஞ்சுமே அட்டைக் குழல், அதன்மேல் காகிதத்தைச் சுற்றிச் சுற்றிப் பருமனாக்கு. ஒரு டஜன் வளையல் நெருக்கமாக ஏறி, ஆடாமல் நிற்கும்வரை சுற்று. இரண்டு ஓரத்திலும் ரப்பர் பேண்ட் போட்டால் வளையல் ஒன்றோடொன்று மோதாது. அதற்குமேல் பபிள் ராப், குமிழ் உள்பக்கம் இருக்கும்படி. பிறகு பெட்டி. உறையில் போட்டுவிடாதே, மேலே இன்னொரு பார்சல் விழுந்தாலே வளையல் தூள்.

நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் அட்டை சீக்கிரம் நமுத்துப்போகும். பெட்டிகளைத் தரையில் அடுக்காமல் அலமாரியில் வை. டேப்பை நடுக்கோட்டோடு நிறுத்தாமல் இரு ஓரங்களிலும் ஒட்டு, மேலும் கீழும். ‘கவனம், உடையும்’ ஸ்டிக்கரை ஒட்டினால் ஒட்டு, ஆனால் அதை நம்பிக் காகிதத்தைக் குறைக்காதே. இடுப்பு உயரத்திலிருந்து விழும் என்றே வைத்துக்கொண்டு கட்டு.

பெட்டி கட்டாக வாங்கினால் ஒன்றின் விலை நன்றாகக் குறையும். விளக்குக்கு ஓர் அளவு, வளையலுக்கு ஓர் அளவு, அதற்குமேல் வேண்டாம். லிட்டில் இந்தியாவில் தேக்கா கடைகளில் காலிப் பெட்டி கேட்டு வாங்கினால் உள்ளே தடுப்பு வெட்டிக்கொள்ளலாம், அதற்குக் காசே இல்லை. சனிக்கிழமை நான் தேக்காவுக்குத்தான் வருகிறேன். நீ வைத்திருப்பதில் பெரிய விளக்கு ஒன்றும் சின்னது ஒன்றும் எடுத்துக்கொண்டு வாடி. அளந்து பார்த்துச் சேர்ந்தே ஒரு கட்டு வாங்குவோம். எனக்கும் மகளின் பழைய புத்தகங்களை அனுப்பக் கொஞ்சம் பெட்டி வேண்டும்.

அன்புடன்,
யீஷூனிலிருந்து உன் தோழி