ஹேண்டில் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
பெரியநாயக்கன்பாளையம், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
எலெக்ட்ரிக் சைக்கிள் பிரிவு.

பொருள்: உங்கள் ஆள் வீட்டுக்கு வந்து பூட்டிக் கொடுத்த புது எலெக்ட்ரிக் மவுன்டன் பைக், முதல் ஓட்டத்திலேயே என் மகனைக் கீழே தள்ளியது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஆடி மாதம் உங்கள் கம்பெனியின் எலெக்ட்ரிக் மவுன்டன் பைக் ஒன்றை ஆன்லைனில் 48,500 ரூபாய் கட்டி வாங்கினேன். பின்சக்கரத்தில் 250 வாட் மோட்டார், 36 வோல்ட் 10.4 ஆம்பியர் ஹவர் பேட்டரி, இரண்டு சக்கரத்திலும் கேபிள் டிஸ்க் பிரேக், முன்னால் சஸ்பென்ஷன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகனுக்காக, ஏலச்சீட்டு எடுத்து வாங்கிய வண்டி. "டோர் டெலிவரி, இலவச ஃபிட்டிங், பெட்டியைப் பிரித்தவுடன் மலையேறலாம்" என்று உங்கள் விளம்பரத்தில் இருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன்.

நான் 19 வருடமாக ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்த வரிசையில் இறுக்க வேண்டும், இறுக்கியதை யார் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதெல்லாம் எனக்குச் சோறு போடும் வேலை. அதனால் இந்தக் கடிதத்தில் கோபம் இருந்தாலும், சொல்வது எல்லாம் கையால் தொட்டுப் பார்த்து, அளந்து சொல்வது.

சனிக்கிழமை மதியம் உங்கள் ஆள் வந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தோள்பையில் இரண்டு ஸ்பேனர், ஒரு ஆலன் கீ செட், ஒரு ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான். பேக்கிங்குக்காகக் கழற்றி வைத்திருந்த ஹேண்டில், முன்சக்கரம், சீட், பெடல் எல்லாவற்றையும் மளமளவென்று மாட்டினார். இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் இருக்கும், பலர் அதில்தான் தவறு செய்வார்கள். அவர் அதைச் சரியாகவே போட்டார். "தம்பி, டார்க் ரெஞ்ச் எதுவும் கொண்டு வரலீங்களா?" என்று கேட்டேன். போல்ட்டைக் குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ரெஞ்ச் அது. "கைப்பக்குவந்தானுங்க்கா. கம்பெனியில அதெல்லாம் குடுக்கறதில்லீங்க. இன்னும் நாலு எடத்துக்குப் போகோணும்" என்றார். தண்ணீர்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பினார். வந்து போனது இருபத்தைந்து நிமிடம்.

கம்பெனி ஆள் பூட்டியதை நான் மறுபடி பிரித்துப் பார்க்கவில்லை. அது வாங்கியவர் செய்ய வேண்டிய வேலையும் அல்ல.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மகன் வண்டியை எடுத்தான். மேட்டுப்பாளையம் ரோட்டில் லாரி பயம் என்பதால், கோவனூர்ப் பக்கம் தோட்டங்களுக்கு நடுவில் போகும் இட்டேறியில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டுவண்டித் தடம், கொஞ்சம் மணல். ஆடிக்காற்று எதிர்க்க அடித்துக்கொண்டிருந்தது. அவன் மெதுவாகத்தான் போனான், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம் இருக்கும். ஒரு தோட்டத்துக் கடவில் இருந்து மாடு ஒன்று தலையை வெளியே நீட்டியது. ஒதுங்குவதற்காக ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்தான்.

ஹேண்டில் திரும்பியது. சக்கரம் திரும்பவில்லை.

பின்னால் இருந்து நான் கண்ணால் பார்த்தேன். அவன் கை இரண்டும் வலப்பக்கம் போய்விட்டன, முன்சக்கரம் நேரே மாட்டைப் பார்த்துப் போனது. மாடு மிரண்டு உள்ளே ஓடியது, பையன் வேலியில் விழுந்தான். முழங்கை தோல் உரிந்து, மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு முறிவு இல்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பத்து நாள் கட்டோடு இருந்தான். மருத்துவச் செலவு 1,840 ரூபாய், ரசீது இணைத்திருக்கிறேன். அன்று மதியம் அவன் பாலமலை ரோட்டில் ஏறுவதாக இருந்தான். அந்த வளைவுகளில் இறங்கும்போது இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்காமல் இன்றுவரை எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

திங்கட்கிழமை என் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஒரு டார்க் ரெஞ்சை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஹேண்டிலையும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கையும் இணைக்கும் ஸ்டெம்மில் மூன்று போல்ட்டைப் பார்க்க வேண்டும். மேலே மூடியில் ஒன்று, பின்பக்கம் குறுக்காக இரண்டு. இந்த இரண்டின் பக்கத்திலேயே, இறுக்க வேண்டிய அளவு 5 நியூட்டன் மீட்டர் என்று நீங்களே பொறித்திருக்கிறீர்கள். ரெஞ்சை 5-ல் வைத்து இறுக்கினேன். முதல் போல்ட் முக்கால் சுற்றுக்கு மேல் போன பிறகுதான் "டக்" என்றது. இரண்டாவது அதைவிட மோசம், விரலால் திருகிய அளவில்தான் நின்றிருந்தது. ஆனால் மேல்மூடி போல்ட் மட்டும் முரட்டுத்தனமாக இறுகியிருந்தது. அதைக் கழற்ற எனக்கு முழு பலமும் வேண்டியிருந்தது.

எங்கே தவறு நடந்தது என்று அப்போதுதான் புரிந்தது. மேல்மூடி போல்ட் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்துவதற்கு அல்ல. போர்க்கின் பேரிங்கில் ஆட்டம் இல்லாமல் லேசாக அழுத்தி வைப்பது மட்டுமே அதன் வேலை. பின்பக்கத்து இரண்டு போல்ட்டையும் தளர்த்தி வைத்துக்கொண்டு, மேல் போல்ட்டில் ஆட்டத்தை எடுத்து, ஹேண்டிலைச் சக்கரத்துக்கு நேராக வைத்து, அப்புறம் பக்கத்து போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக 5-க்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் ஆள் மேல் போல்ட்டை இறுக்கியதும் ஹேண்டில் ஆடாமல் நின்றதால், வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார். மேலே அதிகம் இறுக்கியதால் பேரிங் நெரிந்து சக்கரம் திரும்ப மறுத்தது. பக்கத்தில் இறுக்கம் இல்லாததால் ஹேண்டில் மட்டும் வழுக்கிக்கொண்டு திரும்பியது. ஒரு தவறு இன்னொரு தவறுக்குத் துணை போயிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவிகூட வேண்டாம். வண்டிக்கு முன்னால் நின்று, சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஹேண்டிலை வலுவாகத் திருகிப் பார்த்தால் போதும். வழுக்கினால் கையிலேயே தெரிந்துவிடும். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடத்தை உங்கள் கம்பெனி அந்தத் தம்பிக்குச் சொல்லியும் கொடுக்கவில்லை, அதற்கு நேரமும் கொடுக்கவில்லை.

சரி, ஒன்று இப்படி என்றால் மற்றவை எப்படி என்று வண்டி முழுவதும் பார்த்தேன். பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, த்ராட்டிலை லேசாகக் கொடுத்து, பிரேக் லீவரை அழுத்தினேன். வலது லீவருக்கு மோட்டார் நின்றது. இடது லீவருக்கு நிற்கவில்லை, சக்கரம் பிரேக்கோடு முட்டிக்கொண்டு சுற்றப் பார்த்தது. லீவரிலிருந்து வரும் ஒயரைத் தொட்டுக்கொண்டே போனேன். ஹேண்டிலுக்குக் கீழே ஒயர் கட்டுக்குள் கனெக்டர் பாதி நுழைந்து நின்றிருந்தது. இரண்டு பக்கமும் உள்ள அம்புக்குறியை நேராக வைத்து அழுத்தியதும் முழுதாக உட்கார்ந்தது. அப்புறம் இடது லீவருக்கும் மோட்டார் நின்றது. பெடல் மிதிப்பதை நிறுத்தினாலும் இந்த மோட்டார் ஒரு நொடி உதைத்துவிட்டுத்தான் அடங்குகிறது. இறக்கத்தில் அந்த ஒரு நொடியை அடக்குவது, லீவரை அழுத்தியதும் மோட்டாரை நிறுத்தும் இந்த கட்-ஆஃப் ஸ்விட்ச்தான். அதைச் சோதிக்காமல் ஒரு வண்டியைக் கையில் கொடுப்பதை என்னவென்று சொல்வது?

மோட்டார் ஆக்சில் நட்டும் ஒரு பக்கம் இளகித்தான் இருந்தது. சாதாரண சைக்கிளில் நட் இளகினால் சக்கரம் ஆடும், அவ்வளவுதான். சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் இந்த ஹப் மோட்டாரில் ஆக்சிலே சுழன்று, உள்ளே போகும் ஒயரை முறுக்கி அறுத்துவிடும். டயரில் காற்று 15 பி.எஸ்.ஐ. கூட இல்லை.

பிரேக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விழுந்த அன்று மகன் பிரேக்கையும் பிடித்திருக்கிறான், அது பிடிக்கவே இல்லை என்றான். புது டிஸ்க்கும் புது பேடும் முதல் நாளே முழுதாகப் பிடிக்காது என்பது எனக்கு எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவர் சொன்னபடி, ஆள் இல்லாத சமதரையில் 20 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய், நடை வேகத்துக்கு வரும்வரை ஒரே சீராகப் பிடித்து விட்டு, மறுபடி வேகம் எடுத்து, இப்படி முன் பிரேக்குக்கு இருபது தடவை, பின் பிரேக்குக்கு இருபது தடவை நானே ஓட்டிப் பழக்கினேன். பத்தாவது தடவைக்கு மேல் பிடிமானம் மாறுவது விரலில் தெரிந்தது. முதல் சில நாளில் கேபிளும் இளகும், லீவர் பக்கத்தில் உள்ள திருகை வைத்து இழுத்துவிட வேண்டும். இவை எதுவும் உங்கள் பெட்டியில் வந்த நான்கு பக்கத் தாளில் இல்லை. அந்தத் தாள் முழுக்க ஆங்கிலம். அதில் பாதி, டிஸ்ப்ளேயில் எந்தப் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும் என்பதுதான். கடை அண்ணன் இன்னொன்றும் சொன்னார்: போர்க்கை முன்பின்னாகத் திருப்பி மாட்டி, டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பர் வலது முன்பக்கம் வந்து நிற்கும் வண்டிகள் அவரிடம் ஏற்கெனவே இரண்டு வந்திருக்கின்றன. அவையும் வீட்டில் பூட்டியவைதான்.

பேட்டரி பற்றி உங்கள் சேவை எண்ணில் கேட்டபோது, "முதல் தடவை 12 மணி நேரம் சார்ஜ் போட்டே ஆக வேண்டும் மேடம்" என்றார்கள். அது பழைய ஈய அமில பேட்டரிக் காலத்துப் பேச்சு. நீங்கள் கொடுத்திருப்பது லித்தியம் பேட்டரி, சார்ஜர் 2 ஆம்பியர். 10.4-ஐ இரண்டால் வகுத்தால் ஐந்து மணி நேரம், கூட ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். பச்சை விளக்கு வந்ததும் எடுத்துவிடலாம். ராத்திரி முழுக்க வீட்டுக்குள் ஆளில்லாமல் சார்ஜில் விடச் சொல்வது நல்ல யோசனை இல்லை. தயவுசெய்து பதில் சொல்பவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு மொபெட் வாங்கினால்கூட ஷோரூமில் சோதித்து, பதிவு செய்து, பல கை மாறித்தான் நம் கைக்கு வருகிறது. இந்த வண்டிக்கு அது கிடையாது. 0.25 கிலோவாட்டுக்குள் மோட்டார், 25 கிலோமீட்டருக்குள் வேகம் போன்ற நிபந்தனைகளுக்குப் பொருந்தினால் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். அது எங்களுக்கு வசதிதான். ஆனால் உங்களுக்கும் வாங்கியவருக்கும் நடுவில் வண்டியைப் பார்க்க வேறு ஒரு கண்ணும் இல்லை என்பதும் அதனால்தான். கடைசியாகப் பார்க்கும் கண் உங்கள் ஆளுடையது. அவரை இரண்டு ஸ்பேனரோடும் நாலு வீட்டுப் பட்டியலோடும் அனுப்பி வைக்கிறீர்கள்.

அந்தத் தம்பி மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு வேலை கற்றுக்கொடுக்காதது நீங்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டு இதை எழுதவில்லை. வண்டி நல்ல வண்டி, சரியாகப் பூட்டினால் நன்றாக ஏறுகிறது. வழுக்கிச் சுற்றிய ஸ்டெம்மை மாற்றி, போர்க்கின் தண்டிலும் பேரிங்கிலும் சேதம் உண்டா என்று தகுதியான ஒருவர் வந்து பார்க்க வேண்டும். மருத்துவச் செலவைத் தர வேண்டும். உங்கள் ஃபிட்டிங் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் டார்க் ரெஞ்ச் கொடுத்து, எந்த போல்ட்டுக்கு எவ்வளவு, கட்-ஆஃப் சோதித்தாயிற்றா, காற்று எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒரு அட்டையை வண்டியோடு தர வேண்டும். முதல் ஓட்டத்துக்கு முன் என்ன பார்க்க வேண்டும், பிரேக்கை எப்படிப் பழக்க வேண்டும் என்று தமிழில் ஒரு தாள் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த மூன்று நான்கு மாதத்தில் வீட்டிலேயே பூட்டிக் கொடுத்த வண்டி வாங்கிய எல்லோரையும் போனில் கூப்பிட்டு, அந்த ஸ்டெம் போல்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இதை மட்டும் என் கடிதத்துக்குப் பதில் எழுதும் வரை தள்ளிப்போடாதீர்கள். இன்றே செய்யுங்கள்.

15 நாளில் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் பொருளோடு தராததற்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 84-ஆம் பிரிவு சொல்கிறது. 5 லட்சத்துக்கு உட்பட்ட பொருளுக்கு அங்கே கட்டணமும் இல்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு போல்ட்டை அளவுக்கு இறுக்கிய பிறகு, போல்ட் தலையிலிருந்து பாடி வரைக்கும் ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு இழுப்போம். போல்ட் இளகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். மகன் வண்டியிலும் ஸ்டெம், ஆக்சில், காலிப்பர் என்று பதினொரு இடத்தில் நான் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வரும்வரை வண்டி திண்ணையில்தான் நிற்கும். வரும்போது டார்க் ரெஞ்சோடு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
பெரியநாயக்கன்பாளையம்.